விலக்கில் திரும்பினால்தான் கடல்

கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பித் தூத்துக்குடியிலிருந்து வேம்பார் பக்கம் வண்டியைக் கிளப்புகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம். கடல் கண்ணிலேயே படாது. ரெண்டு பக்கமும் உப்பளம், அது முடிந்தால் உடைமரம், அதையும் தாண்டினால் கரிசல். கூட வந்த சென்னை நண்பர் உப்பு அம்பாரங்களைப் படம் எடுத்து ஓய்ந்ததும் கேட்டார், "கடல் எங்கப்பா?"

விலக்கில் திரும்பணும். தருவைகுளம், பட்டினமருதூர், கீழவைப்பார் என்று ஒவ்வொரு ஊருக்கும் கிழக்கே ஒரு கிளைச்சாலை. உள்ளே போய் மணலில் நின்றுவிட்டு, வந்த வழியே மெயின்ரோட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ரோடு போட்டவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்ற ஏழு கடல்துறையும் ஒன்றோடொன்று உறவாடியது தண்ணீர் வழியாக. வீட்டுவாசல் கடலைப் பார்த்திருந்தது. நாம் காரில் போய்த் தட்டுவது கொல்லைப்புறத்தை.

தருவைகுளம் அந்த ஏழில் இல்லை. முத்துக்குளிப்புக் காலத்துப் பெருமை எதையும் அது சொல்லிக்கொள்வதுமில்லை. அந்தத் தொழிலே 1961-ஓடு நின்றுபோனது. ஆனால் இன்றைக்கு இந்தக் கரையிலிருந்து தூரக்கடலுக்குப் போகிற ஊர்களில் முன்னால் நிற்பது இதுதான். மிக்கேல் அதிதூதர் கோயிலைத் தாண்டிக் கரைக்குப் போனால் பருவலைக் குவியலுக்கு நடுவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த கண்ணைத் தேடி, ஊசியை ரெண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுகிறார் ஒருவர். பேச்சு நிற்கவில்லை, கண் வலையைவிட்டு எழவுமில்லை. அந்தப் பக்கம் படகிலிருந்து இறங்குவது சூரை. ஐஸில் கிடந்து விறைத்த மீன், தரையில் விழும்போது கட்டைபோல் சத்தம் கேட்கிறது.

இந்தப் படகுகள் ஒருநாளில் போய்த் திரும்புகிறவை அல்ல. ஐஸும் அரிசியும் டீசலும் ஏற்றிக்கொண்டு போனால் நாள்கணக்கில் கடல்தான். 2023 அக்டோபரில் தருவைகுளத்துப் படகு ஒன்று மாலத்தீவுக் கடலோரக் காவல் படையிடம் பிடிபட்டது, 12 பேரோடு. 2024 ஆகஸ்டில் ரெண்டு படகில் போன 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. தூத்துக்குடிக்கு முக்கால் மணி நேரப் பயணத்தை அலுப்பாகச் சொல்கிற நாம், இவர்கள் முன்னால் தூரத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

தெற்கே போகிற நாளில் நிலம் வேறு. முக்காணியில் தாமிரபரணியைக் கடந்ததும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால். வடக்கே பார்த்த வெயிலுக்கும் இந்தப் பச்சைக்கும் ஒரே மாவட்டம் என்று சொன்னால் நம்ப முடியாது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் புன்னைக்காயல், ஆறு கடலில் சேரும் இடம். 1578-ல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' தந்த அண்டிரிக் அடிகளார் பாடுபட்ட ஊர். அதற்கும் முந்திய துறைமுகமான கொற்கையோ இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது, வயலுக்கு நடுவே. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் செய்த வேலை. மணப்பாட்டைப் பற்றி எழுதவில்லை. மணல்மேட்டுக் கோயிலைச் செல்போனில் பார்க்காதவர் யார்?

போகிறவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகளை ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் அப்போது போகலாம். சூரை இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் தடை முடிந்து படகுகள் திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே: குளத்தூரிலிருந்து விளாத்திகுளம் வழியாக எட்டயபுரம்.