லைன் வீட்டு வாசலில் குட்டிக் காய்கறி

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே கிடைப்பது சில அடி இடம்தான். செர்ரி தக்காளிக்கும் உருண்டை முள்ளங்கிக்கும் அது தாராளம். ஆனால் மண்ணில் கவனம் வேண்டும், நேயர்களே! 2001-இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகும், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேடுகள் ஊருக்குள்ளேயே நிற்கின்றன. அந்த மேட்டு மண் தொட்டிக்கு ஆகவே ஆகாது. வெளியூர்ச் செம்மண், மக்கிய எரு, தென்னைநார்க் கழிவு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். உருண்டை முள்ளங்கிக்கு அரையடி ஆழம் போதும். ஒரு மாதத்துக்குள் பிடுங்கிவிடுங்கள், விட்டால் சக்கையாகிவிடும். செர்ரி தக்காளிக்கு ஓரடி ஆழமும் முட்டுக்குச்சியும் தேவை. இன்னும் இடநெருக்கடியா? தொட்டிகளை அடுக்கடுக்காக வைக்கும் ‘அர்கா’ செங்குத்துத் தோட்டத்தை ஹெசரகட்டா இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. காற்றில் மேட்டுப் புழுதி பறக்கும் ஊர் இது. அதனால் பறித்த காயை இரண்டு தண்ணீரில் அலசிவிட்டே சமையுங்கள்.