உங்களுக்குத் தெரியுமா? தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பெரியவர்கள் பலருக்கும் அந்த வலி நினைவிருக்கும். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் தயாரான அந்த மருந்துக்கு மூலப்பொருள், ரேபிஸ் கிருமி ஏற்றிய ஆட்டு மூளை. எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்துதான். ஆனால் சிலருக்குக் கை கால் விளங்காமல் போனது. மருந்தில் கலந்திருந்த மூளைத் திசுவை எதிர்க்கப் பழகிய நோய் எதிர்ப்புச் சக்தி, சொந்த நரம்புகளின் மேலுறையான மயலினையும் பகையென்று தாக்கியதே காரணம். இதைச் சோதிக்க 1933-இல் நியூயார்க்கில் ஆய்வாளர் தாமஸ் ரிவர்ஸ், கிருமியே இல்லாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். சிலவற்றுக்கு அதே போல நரம்பு கெட்டது. மயலின் சிதையும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பற்றிய ஆய்வுகளுக்கு அந்தச் சோதனை முறை இன்றும் கைகொடுக்கிறது. ஆட்டு மூளை ஊசியை இந்தியா 2004 இறுதியில்தான் கைவிட்டது. அவ்வளவு தாமதித்திருக்க வேண்டியதில்லை. இப்போது கையில் போடும் ஊசியில் மூளைத் திசு கிடையாது, தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.