பட்டியலிடப்படாத தொலைபேசி எண்

பட்டியலிடப்படாத தொலைபேசி எண் என்பது பொதுத் தொலைபேசி விவரத்திரட்டில் (டைரக்டரி) இடம்பெறாத எண்ணாகும். தொந்தரவு அழைப்புகளுக்கு ஆளானவர் இத்தகைய எண்ணின் உரிமையாளரை அறிய விழைகின்றார். துன்புறுத்தும் ஒருவரிடமிருந்து விலகி வாழ்பவருக்கோ அதே மறைப்பே காப்பாகின்றது. இதற்கான விதிகள் இவ்விரு தேவைகளுக்கும் இடையில் அமைந்தவை.

தரைவழி எண்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியன சென்னையின் 044 குறியீட்டினுள் அடங்கும். இங்குள்ள பி.எஸ்.என்.எல். தரைவழி எண்கள் பெரும்பாலும் 26 எனத் தொடங்குவதால், அழைப்பு வந்த வட்டாரத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆளை அறிய இயலாது. அச்சிட்ட விவரத்திரட்டு பெயர் வரிசையில் அமைந்தது. எனவே பட்டியலில் உள்ள எண்ணுக்கே அதிலிருந்து பெயரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

செல்பேசி எண்கள்

செல்பேசிகளுக்கு நாடு தழுவிய பொது விவரத்திரட்டு இந்தியாவில் வெளியிடப்பட்டதில்லை. அவ்வகையில் எல்லாச் செல்பேசி எண்களும் பட்டியலிடப்படாதவையே எனலாம். முன்பு முதல் நான்கு இலக்கங்களைக் கொண்டு நிறுவனத்தைச் சொல்ல முடிந்தது. 2011 சனவரி 20 அன்று எண் மாற்றமின்றி நிறுவனம் மாறும் வசதி நாடெங்கும் வந்தபின் அதுவும் உறுதியற்றதாயிற்று.

2009இல் சுவீடனில் தொடங்கப்பட்ட ட்ரூகாலர் போன்ற செயலிகள், ஓர் எண்ணுக்குப் பிறர் இட்ட பெயர்களைத் திரட்டிக் காட்டுகின்றன. அது ஆவணப் பெயரன்று. "கேஸ் ஏஜென்சி" என்றோ வசைச்சொல்லாகவோ கூட இருக்கலாம். இதனைச் சான்றாகக் கொள்வது தவறாகும்.

சட்ட வழி

சந்தாதாரரின் பெயரும் முகவரியும் தொலைபேசி நிறுவனத்திடம் உள்ளன. தனிமனிதர் கேட்டால் அவை தரப்படுவதில்லை. 2017 ஆகத்து 24 அன்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது குறிப்பிடத்தக்கது. விசாரணைக்குத் தேவையெனில் காவல்துறை, 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 94ஆம் பிரிவின்படி ஆவணங்களைக் கோரலாம். ஆகவே புகார் அளிப்பதே நேரான வழியாகும். மேற்குப் புறநகர்களுக்கு 2022 சனவரி 1 அன்று தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் உள்ளது. பணம் கொடுத்து அழைப்பு விவரங்களை வாங்குவது குற்றமாகும். 2018இல் தானே காவல்துறை இதற்காகத் தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது.

கிடைக்கும் பெயரும் அழைத்தவருடையதாக இருக்கும் என்பதற்கில்லை. பிறருடைய அடையாளச் சான்றில் சிம் அட்டை வாங்குவோர் உளர். தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

பெயர் காட்டும் சேவை

அழைப்பவரின் பதிவுப் பெயரைத் திரையில் காட்டும் சேவையை 2024 பிப்ரவரி 23 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது. தம் எண்ணையே மறைக்கும் வசதியைப் பெற்றவர்களின் பெயர் இதில் காட்டப்படாது.