பிளினியை மூலமொழியில் வாசித்தல்: தமிழாய்வாளர்க்கான இலத்தீன் சொற்பயிற்சி

முன்னுரை

சங்ககாலத் தமிழகத்திற்கும் உரோமைக்கும் இடையே நிகழ்ந்த வணிகத்தை ஆராய்வோர் பெரிதும் எடுத்தாளும் நூல்களுள் ஒன்று மூத்த பிளினியின் ‘இயற்கை வரலாறு’ ஆகும். கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீன் மொழியில் இயற்றப்பட்ட இந்நூல் 37 பகுதிகளைக் கொண்டது. இதன் செய்திகள் தமிழாய்வுகளில் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகவே இடம்பெறுகின்றன. மொழிபெயர்ப்புகள் தம்முள் முரண்படும்போது எதனைக் கொள்வது என்னும் வினா எழுகிறது. அதற்கு விடை காண மூலமொழிச் சொற்களை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். தமிழறிந்த ஆய்வாளர் அச்சொற்களை எம்முறையில் பயிலலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் அதன் வடிவங்களும்

இலத்தீன் பெயர்ச்சொல்லை எழுவாய் வடிவில் மட்டும் மனனம் செய்தல் போதாது. ‘ரெக்ஸ்’ (அரசன்) என்னும் சொல் ‘ரேகிஸ்’ (அரசனது), ‘ரேகெம்’ (அரசனை) எனத் திரியும். ஆகவே அகராதிகள் எழுவாயையும் ஆறாம் வேற்றுமை வடிவையும் இணைத்தே தருகின்றன. ‘மரம்’ என்பது ‘மரத்து’ எனவும், ‘நாடு’ என்பது ‘நாட்டு’ எனவும் திரிந்து உருபேற்பதை அறிந்த தமிழாய்வாளர்க்கு இது புதியதன்று. வினைச்சொற்களை நான்கு வடிவங்களுடன் பயிலுதல் மரபு. ‘வா’ என்னும் பகுதியை மட்டும் அறிந்தவர் ‘வந்தான்’, ‘வருவான்’ என்பவற்றை இனங்காண இடர்ப்படுவார். இலத்தீன் வினைகளுக்கும் இது பொருந்தும்.

பொதுச்சொற்களும் துறைச்சொற்களும்

அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி வெளியிட்டுள்ள அடிப்படைச் சொற்பட்டியல் ஏறத்தாழ 1000 சொற்களைக் கொண்டது. பொதுவான ஓர் இலத்தீன் பனுவலில் வரும் சொல்வடிவங்களுள் ஏறத்தாழ 70 விழுக்காடு இச்சொற்களிலிருந்து தோன்றுவன என்பது அப்பட்டியலைத் தொகுத்தோரின் கணிப்பு. எனவே தொடக்கநிலைப் பயிற்சிக்கு இது தக்கது. ஆயினும் ஆய்வாளர் தேடும் பொருள் பலவேளைகளில் எஞ்சிய சொற்களிலேயே அமைந்திருக்கும். சரக்கு, நாணயம், நிறை, எண் ஆகியவற்றைக் குறிக்கும் துறைச்சொற்களைத் தனியே தொகுத்துப் பயிலுதல் வேண்டும்.

‘பிபெர்’ என்னும் சொல் இதற்குச் சான்றாகும். 12ஆம் பகுதியில் பிளினி ஓர் உரோமை இராத்தலுக்கு நீண்ட ‘பிபெர்’ 15 டெனாரியஸ், வெண்மையானது 7, கரியது 4 என விலை கூறுகிறார். நீண்ட ‘பிபெர்’ என்பது திப்பிலி. அடைமொழியைக் கருதாது யாண்டும் ‘மிளகு’ எனப் பெயர்த்தால் திப்பிலியின் விலை மிளகின் விலையாகிவிடும்.

தொகையைக் குறிக்கும் சொற்கள்

இந்தியா ஆண்டுதோறும் உரோமைப் பேரரசிலிருந்து பெறும் தொகையைப் பிளினி 6ஆம் பகுதியில் சுட்டுகிறார். 1855இல் வெளிவரத் தொடங்கிய போஸ்டாக், ரைலி மொழிபெயர்ப்பு இதனை 55 கோடி செஸ்டர்டியஸ் எனத் தருகிறது. 1942இல் வெளிவந்த ராக்கம் மொழிபெயர்ப்பில் இது 5 கோடியாக உள்ளது. பதினொரு மடங்கு வேறுபாடு இது.

உரோமையர் பெருந்தொகைகளை நூறாயிரத்தை அலகாகக் கொண்டு, ‘இத்தனை முறை’ என்னும் எண்ணடையால் குறித்தனர். ‘நூறாயிரம்’ என்னும் சொல் பெரும்பாலும் தொக்கு நிற்கும். ‘குவிங்கென்டியேஸ்’ என்பதன் அகராதிப்பொருள் ‘ஐந்நூறு முறை’. பணத்தொகையில் அது 500 நூறாயிரத்தைக் குறிக்கும். எண்குறியாக எழுதும்போது அதன் மேலும் இருமருங்கும் இடப்படும் கோடு இப்பெருக்கத்தைக் காட்டும். நூறாயிரம் என்பது இலட்சமே ஆதலின், 500 இலட்சம் 5 கோடி என்பது தமிழ் வாசகர்க்கு எளிதில் விளங்கும். எண்ணை 550 எனக் கொண்டாலும் தொகை 5.5 கோடியே அன்றி 55 கோடி ஆகாது.

12ஆம் பகுதி இதனை உறுதிப்படுத்துகிறது. இந்தியா, சீரர் நாடு, அராபியா ஆகிய மூன்றும் சேர்ந்து பெறும் தொகை ‘ஆயிரம் முறை நூறாயிரம்’, அதாவது 10 கோடி என்று பிளினி அங்குக் கூறுகிறார். இங்கு நூறாயிரம் வெளிப்படையாகவே நிற்கிறது. மூன்றும் சேர்ந்து பெறுவது 10 கோடி எனில், இந்தியா மட்டும் 55 கோடி பெறுதல் பொருந்தாது.

வினைச்சொல் உணர்த்தும் நோக்கு

6ஆம் பகுதியில் தொகையோடு வரும் வினை ‘எக்ஸ்ஹௌரீரே’. ‘ஹௌரீரே’ நீர் இறைத்தலைக் குறிக்கும். ‘எக்ஸ்’ என்னும் முன்னொட்டு வெளியேற்றுதலைச் சுட்ட, முழுச்சொல் ‘இறைத்து வறிதாக்குதல்’ எனப் பொருள்படும். 12ஆம் பகுதியில் வரும் ‘அடிமெரே’ என்னும் வினை பறித்தலைக் குறிக்கும். அங்குத் தொகை ஆடம்பரத்தைக் கடியும் கூற்றோடு இணைந்து வருகிறது. எனவே இத்தொகைகளைச் சுங்கக் கணக்குகளாக மட்டும் கொள்ளாது, நாட்டின் செல்வம் வெளியேறுகிறது என்னும் ஆசிரியரின் முறையீட்டோடு சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

முடிவுரை

தமிழாய்வாளர் இலத்தீன் இலக்கியம் முழுவதையும் கற்றபின்னரே பிளினியை அணுகவேண்டும் என்பதில்லை. தமக்குத் தேவையான பத்தி ஒன்றைத் தெரிந்து, அதன் சொற்களை அகராதி வடிவம், தமிழ்ப்பொருள், பயிலும் தொடர், பகுதி எண் ஆகியவற்றுடன் பதிவு செய்து, பொருள் முழுதும் விளங்கும்வரை அப்பத்தியை மீண்டும் மீண்டும் வாசித்தல் பயனுடைய முறையாகும். அங்ஙனம் பயின்றவர், இரு மொழிபெயர்ப்புகள் மாறுபடும் இடத்தில் அவற்றுள் ஒன்றை நம்பி எடுத்தாளாமல், மூலத்தைக் கொண்டு தாமே முடிவு காண இயலும்.