முள்ளெலும்பிடை வட்டு

முள்ளெலும்பிடை வட்டு என்பது முதுகெலும்புத் தொடரில் அடுத்தடுத்துள்ள இரு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்துள்ள இழையம் ஆகும். பேச்சு வழக்கில் இது டிஸ்க் என்றும் ஜவ்வு என்றும் அழைக்கப்படுகிறது. உடலின் சுமையைத் தாங்குவதும், முதுகு வளையவும் திரும்பவும் இடமளிப்பதும் இதன் முதன்மைப் பணிகளாகும். வளர்ந்தவர்களில் வட்டின் பெரும்பகுதிக்கு இரத்த ஓட்டம் இல்லை. முதுகை இயக்கத்தில் வைத்திருப்பது வட்டின் நலத்துக்குத் தேவை எனக் கருதப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

அமைப்பு

மனித முதுகெலும்புத் தொடரில் பொதுவாக 33 முள்ளெலும்புகள் உள்ளன. இவற்றுள் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என 24 எலும்புகள் தனித்தனியே அசையக்கூடியவை. எஞ்சியவை வளர்ந்தவர்களில் இணைந்து திருவெலும்பாகவும் வாலெலும்பாகவும் அமைகின்றன. முதல் இரு கழுத்தெலும்புகளுக்கு இடையே வட்டு இல்லை. ஆகவே வட்டுகளின் எண்ணிக்கை 23 ஆகும். தொடரின் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வட்டுகளால் ஆனது.

ஒவ்வொரு வட்டும் மூன்று பகுதிகளைக் கொண்டது:

- நார் வளையம்: கொலாஜன் நார்களாலான பல அடுக்குகளைக் கொண்ட வெளிப்பகுதி. ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அடுத்த அடுக்கின் நார்கள் மறுபக்கம் சாய்ந்திருக்கும். இதனால் வளையம் முறுக்கலைத் தாங்குகிறது.
- கூழ்மக் கரு: நடுவிலுள்ள கூழ் போன்ற பகுதி. இதிலுள்ள புரோட்டியோகிளைக்கன் மூலக்கூறுகள் நீரை ஈர்த்து வைத்திருக்கின்றன. வயது ஏற ஏற நீரின் அளவு குறைகிறது.
- முனைத்தகடு: வட்டின் மேலும் கீழும் உள்ள மெல்லிய குருத்தெலும்புத் தகடு.

ஊட்டம் பெறும் முறை

குழந்தைப் பருவத்திலேயே வட்டிலுள்ள இரத்தக் குழாய்கள் மறையத் தொடங்குகின்றன. வளர்ந்தவர்களில் வெளி விளிம்பில் மட்டுமே சிறு குழாய்கள் எஞ்சுகின்றன. ஆக்சிசன், குளுக்கோசு போன்ற சிறு மூலக்கூறுகள் முள்ளெலும்பின் நுண்குழாய்களிலிருந்து முனைத்தகட்டின் வழியே பரவல் மூலம் உள்ளே செல்கின்றன. கழிவுகள் அதே வழியில் வெளியேறுகின்றன. சுமை ஏறும்போது வட்டிலிருந்து நீர் பிழியப்படுகிறது. சுமை இறங்கும்போது நீர் திரும்ப உறிஞ்சப்படுகிறது. இந்த ஏற்ற இறக்கம் பெரிய மூலக்கூறுகளின் நகர்வுக்கு உதவுகிறது.

அன்றாட மாற்றங்கள்

பகலில் நீர் இழப்பினால் வட்டுகள் சற்றுத் தட்டையாகின்றன. இதனால் ஒருவரின் உயரம் மாலையில் 1 முதல் 2 செ.மீ. வரை குறைகிறது, இரவு உறக்கத்தில் மீள்கிறது. காலையில் எழுந்தவுடன் வட்டு நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால், அப்போது முன்புறம் ஆழமாக வளைதலும் பளு தூக்குதலும் அதற்குக் கூடுதல் அழுத்தம் தருகின்றன. புவியீர்ப்பின் சுமை உணரப்படாத விண்வெளியில் விண்வெளி வீரர்களின் உயரம் கூடுவதும் அறியப்பட்டதே.

உடல்நிலையும் அழுத்தமும்

சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். 1999-இல் செருமனியில் ஒரு தன்னார்வலரிடம் செய்யப்பட்ட அளவீட்டில், படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல், நிற்கையில் 0.5 மெகாபாஸ்கல், முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்குகையில் 2.3 மெகாபாஸ்கல் எனப் பதிவாகியது. அமர்தல் நிற்றலைவிட அழுத்தம் மிக்கது என்று நாக்கெம்சனின் அளவீடுகள் காட்டின. ஆனால் 1999 அளவீட்டில் தளர்வாகச் சாய்ந்து அமர்கையில் அழுத்தம் நிற்கையில் இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. எனவே எந்த ஒரு நிலையையும் "சரியான நிலை" எனக் கொண்டு மணிக்கணக்கில் அசையாதிருப்பதைவிட, நிலையை அடிக்கடி மாற்றுவதே பரிந்துரைக்கப்படுகிறது.

தேய்வும் பிதுக்கமும்

நார் வளையத்தின் வழியே கரு வெளியே பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால், இடுப்பிலிருந்து கால் வரை பரவும் வலி உண்டாகலாம். இத்தொடர்பை அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் வெளியிட்ட கட்டுரை பரவலாக அறியச் செய்தது.

எனினும் எல்லாப் பிதுக்கமும் வலி தருவதில்லை. முதுகுவலி இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 1994-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு வட்டுப் புடைப்பு காணப்பட்டது. படத்தில் தேய்வு தெரிகிறது என்பதாலேயே முதுகை அசைக்க அஞ்சத் தேவையில்லை. தேய்வில் மரபுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதைப் பின்லாந்தில் இரட்டையரிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டின. ஆகவே அசைவு தேய்வை முற்றாகத் தடுக்கும் எனக் கூற இயலாது.

ஓய்வும் அசைவும்

முற்காலத்தில் முதுகுவலிக்கு வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு பரிந்துரைக்கப்பட்டது. 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 2 நாட்கள் ஓய்வு பரிந்துரைக்கப்பட்டோர் 7 நாட்கள் பரிந்துரைக்கப்பட்டோரைவிடக் குறைந்த வேலை நாட்களையே இழந்தனர். மற்றப் பயன்களில் வேறுபாடு இல்லை. பின்லாந்தில் செய்யப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வில், வலி இடமளிக்கும் அளவில் வழக்கமான அலுவல்களைத் தொடர்ந்தவர்கள், படுக்கை ஓய்வு எடுத்தவர்களைவிட விரைவாகக் குணமடைந்தனர். இதன் பின்னர் மருத்துவ வழிகாட்டுதல்கள் இயன்றவரை நடமாட்டத்தைத் தொடருமாறு கூறுகின்றன. உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி 2020-இல் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியுடன் இருந்தனர். எனவே இம்மாற்றம் பெருந்தொகையான மக்களைத் தொடுவதாகும்.

நலம் பேணல்

- நீண்ட நேரம் அமர்ந்து பணிபுரிவோர் இடையிடையே எழுந்து சிறிது நடத்தல்
- நாள்தோறும் நடைப்பயிற்சி மேற்கொள்ளல்
- வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளைப் படிப்படியாகக் கூட்டுதல்
- பளுவை உடலுக்கு அருகே வைத்துத் தூக்குதல்
- புகைபிடித்தலைத் தவிர்த்தல்

எச்சரிக்கை அறிகுறிகள்

சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், சிறுநீர் அடைப்பு, தொடை இடுக்கிலும் மலவாய்ப் பகுதியிலும் உணர்வின்மை, கால்களில் வலுவிழப்பு ஆகியவை முதுகெலும்புக் கால்வாயின் கீழ்ப்பகுதி நரம்புக் கற்றை அழுத்தப்படுவதைக் குறிக்கலாம். இவை தோன்றின் பயிற்சியோ ஓய்வோ தீர்வல்ல. உடனே மருத்துவமனையை நாட வேண்டும். விபத்துக்குப் பின் ஏற்படும் கடும் முதுகுவலி, காய்ச்சலுடன் கூடிய வலி, காரணமற்ற எடை இழப்புடன் வரும் வலி ஆகியவற்றுக்கும் மருத்துவப் பரிசோதனை தேவை.