கொதிக்கும் எஞ்சின்: அபாயமும் பரிகாரமும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கண்ணமங்கலத்தைக் கடந்து சந்தவாசலை அடையும் கார்களில், படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசிக்கப் பிரிந்து போவனவும் உண்டு. போளூர் வழியாக ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூருக்குப் போவனவும் உண்டு. ஆடி வெள்ளிக்கிழமையின் ஜனத்திரளுக்கிடையே ஊர்ந்து செல்லும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கோ வேகம் குறைவாகவும் எஞ்சினின் உழைப்பு அதிகமாகவும் இருக்கிறது. ஆகவே, சமவெளியில் மாதக்கணக்கில் மறைந்திருந்த சிறு குறைகள் எல்லாம் இவ்விடத்தில்தான் உஷ்ணமானியின் முள்ளாகவும் சிவப்பு விளக்காகவும் வெளிப்படுகின்றன. அந்த வேளையில் செய்ய வேண்டியது இன்னது, செய்யத் தகாதது இன்னது, பின்னர் சட்டம் நமக்கு அளிக்கும் பாதுகாப்பு இன்னது என்று வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

அபாயங்களில் முதன்மையானது ரேடியேட்டர் மூடி. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சாதாரணமாக 90 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். மூடியின் அழுத்தத்தால் அது 120 டிகிரியை நெருங்கும் வரையிலும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. அந்த அழுத்தத்தைத் திடீரென்று விடுவித்தால், அடங்கியிருந்த திரவம் அக்கணமே ஆவியாகிப் பீறிட்டு, முகத்தையும் கைகளையும் வேக வைத்துவிடும். துணியைப் போர்த்தித் திறந்தால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை பலரைப் புண்படுத்தியிருக்கிறது.

முள் ஏறக் கண்டவுடன் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழு அளவில் வைத்தால், எஞ்சினின் உஷ்ணம் ஓரளவு உள்ளே இறங்கும். பாதுகாப்பான ஓரம் கிடைத்ததும் வண்டியை நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமேனும் பொறுத்திருக்க வேண்டும். மின்விசிறி தானே சுழலக்கூடுமாதலால் அதனருகில் கை வைக்கலாகாது. கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணும். தப்பித் தவறி யாருக்கேனும் வெந்துவிட்டால், ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டுமேயன்றி, பற்பசையும் மையும் எண்ணெயும் தடவுவது கூடாது.

மறுநாள் காலையில் எஞ்சின் முற்றிலும் ஆறிய நிலையில், வீட்டு வாசலிலேயே பெரும்பாலான பரிசோதனைகளைச் செய்துவிடலாம். கூலன்ட் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்கிறதா, வண்டியின் அடியில் ஈரமோ, ஹோஸ் இணைப்புகளிலும் வாட்டர் பம்பின் அருகிலும் பச்சையோ சிவப்போ உலர்ந்த கறையோ காணப்படுகிறதா, ரேடியேட்டரின் முகப்பில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினை ஓட்டி ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் விசிறி சுழலத் தொடங்கும். சுழலாவிட்டால் ஃபியூஸையோ ரிலேயையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம். முள் ஏறியும் மேல் ஹோஸ் சுட்டுக் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. எஞ்சின் ஆயில் மூடியின் அடிப்புறத்தில் பால் கலந்த காபி போன்ற குழம்பு படிந்திருந்தாலும், வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைந்துகொண்டு வந்தாலும், ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். அதற்குமேல் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே விவேகம்.

குறைந்த மட்டத்தை நிரப்ப ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து பயன்படுத்தினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் சொன்ன கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீருமே தக்கவை. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷமாகையால், குழந்தைகளும் கால்நடைகளும் எட்டும் இடத்தில் அதை வைப்பதும் வாய்க்காலில் கொட்டுவதும் குற்றத்துக்கு ஒப்பாகும்.

இனி உரிமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டினாலே வாரண்டி முழுவதும் போய்விடும் என்று அஞ்சுவோர் அநேகர். உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொடுக்க மறுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்கு உள்ளாயிற்று. ஆயினும், வெளிப் பழுதுவேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம், முழுவதையும் ரத்து செய்யலாகாது என்று அவ்வாணையம் வகுத்த கோட்பாடு நினைவில் வைக்கத்தக்கது. சாதாரண மோட்டார் காப்பீட்டிலோ யந்திரக் கோளாறும் தேய்மானமும் விலக்கப்பட்டிருக்கின்றன. ஆதலால், சிவப்பு விளக்கைக் கண்டும் ஓட்டிக் கெடுத்த எஞ்சினுக்கு இழப்பீடு எதிர்பார்ப்பது வீண்.

குறையுள்ள பொருளுக்கும் குறைபாடான சேவைக்கும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பரிகாரம் அளிக்கிறது. ரசீது தர மறுப்பதும் அச்சட்டத்தின்படி முறையற்ற வணிக நடத்தையே. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால், காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவதும், வேலை விவரம் எழுதிய ரசீதைப் பத்திரப்படுத்துவதும், பழுதைப் படம் எடுத்து வைப்பதும் நாளை அங்கே நம் வாய்ச்சொல்லுக்குச் சாட்சியாக நிற்கும். சாலையோரத்தில் அரைமணிப் பொறுமை உடலையும் எஞ்சினையும் காக்கிறது. ஒர்க்‌ஷாப் வாசலில் கேட்டு வாங்கிய ரசீது பணத்தையும் உரிமையையும் காக்கிறது. இவ்விரண்டையும் கைவிடாதவர் மலையேறத் தயங்க வேண்டுவதில்லை.