ஒரு யூனிட்டில் எத்தனை வாளி?

நூறு கிராம் தக்காளி ஒன்றைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குங்கள். நீங்கள் செய்த வேலை ஏறத்தாழ ஒரு ஜூல். ஒரு நியூட்டன் விசை, பொருளைத் தன் திசையில் ஒரு மீட்டர் நகர்த்தினால் அதுதான் ஜூல்.

அப்படியானால் கரண்ட் பில்லில் வரும் ‘யூனிட்’? ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். ஆக, 36 லட்சம் ஜூல்!

கிணற்றடிக்கு வாருங்கள். பத்து லிட்டர் தண்ணீரைப் பத்து மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கச் சுமார் 980 ஜூல். கயிறு உள்ளங்கையை அறுக்கும், தோள் கடுக்கும். ஒரு யூனிட்டுக்கு ஈடுகட்ட இப்படி 3,600 வாளிக்கு மேல் இறைக்க வேண்டும். அதே தண்ணீரைக் குளிப்பதற்காக 20 டிகிரி சூடாக்கினாலோ 8 லட்சம் ஜூலுக்கு மேல் போய்விடும்.

ஏன் இவ்வளவு? கொஞ்சம் வெப்பமே நிறைய வேலைக்குச் சமம். 1840களில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல், எடைக்கற்களை இறங்கவிட்டு, அவற்றால் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றித் தண்ணீரைக் கலக்கினார். தண்ணீர் சூடானது, ஒரு டிகிரிகூட இல்லை. அதைத் தெர்மாமீட்டரில் பிடித்த அவர் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.